கொடிமலை ஏறிய வின்சென்ட்

ஒரு வருஷமாக ஞாயிறு தவறாமல் வின்சென்ட் கொடிமலைக்குச் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தார். வாயால்.

காலால் ஏறியவர்கள் அவருடைய நண்பர்கள் கிஷனும் ஹஸ்ருலும். வின்சென்ட் அடிவாரத்துச் சாப்பாட்டுக் கடையான மாமாக் கடையிலேயே இறங்கிக்கொள்வார். பருப்புக் குழம்பில் தோய்த்த ரொட்டி சானாய், நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ. நண்பர்கள் உச்சியிலிருந்து அனுப்பும் படங்கள் அப்படியே மனைவி மார்த்தாவின் போனுக்குப் போகும். வீட்டுக்குக் கிளம்புமுன் கடைக் குழாயில் சட்டையை நனைத்துக்கொள்வார். வியர்வையாம்!

சனிக்கிழமை சாயங்காலம், துணி மடித்தபடி மார்த்தா கேட்டாள்.

"ஏங்க, ஒரு படத்துலகூட உங்க மூஞ்சி இல்லையே?"

"படம் எடுக்கறவன் எப்படிலா படத்துல வருவான்?"

"பாவம். நாளைக்கு நான் மலை ரயில்ல மேல வந்துடறேன். நீங்க சைக்கிள்ல ஏறி வர்றத நானே புடிக்கறேன். சர்ச் குரூப்புல போடணும்."

"ரயில்ல கூட்டம் மார்த்தா. உக்கார எடம் இருக்காது."

"நின்னுக்கறேன்."

"மேல குளிரும்."

"ஸ்வெட்டர் இருக்கு."

நாளை உச்சியில் நிற்காவிட்டால் ஒரு வருஷத்து மானம் போச்சு.

மறுநாள் மாமாக் கடை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதித்தார். கிஷன் பதறிப்போனான்.

"அண்ணே, உங்க ஸ்டேஷன் தாண்டிப் போறீங்க!"

"இன்னைக்கு எக்ஸ்பிரஸ்லா. பேசாம மிதி."

பெயர்தான் ரோடு. நிமிர்த்தி வைத்த சுவர் அது. முதல் வளைவில் மூச்சு போனது. அடுத்ததில் முட்டி போனது. அதற்கடுத்ததில் வெட்கமும் போய், இறங்கித் தள்ளினார். நண்பர்கள் முன்னால் போய் மறைந்தார்கள்.

அப்புறம்தான் அந்த அமைதி. அண்ணாந்தால் தலைக்கவசம் கழன்றுவிடும் உயரத்தில் மரங்கள். பனி அவற்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் பேசிக்கொண்டே இறங்கியது. கிளையில் ஒரு கருங்குரங்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்குக்கண்ணாடி போட்ட மார்த்தாவைப் போல அவரையே பார்த்தது. வின்சென்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு வளைவில் பனி விலகியது. கீழே ஜார்ஜ்டவுன் முழுசும் கிடந்தது. அதைத் தாண்டிக் கடல். கடல்மேல் யாரோ நூல் பிடித்த மாதிரி பாலம். அக்கரையில், நீலத்துக்குள் நீலமாகக் கெடா மாநிலத்து மலை. ராத்திரி ஷிப்ட் பார்த்து, பகலெல்லாம் திரை இழுத்துத் தூங்கியே போன ஆயுசு அவருடையது. பிறந்த ஊரை இன்றைக்குத்தான் பார்க்கிறார். கை தானாகச் சிலுவை போட்டது.

இதையா ரொட்டிக்கு விற்றோம்? மார்த்தாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திட்டட்டும். பக்கத்தில் நிறுத்தி இதைக் காட்டினால் போதும். மிச்ச மலையில் அவரை அந்த நினைப்புதான் ஏற்றியது.

உச்சியில் ரயில் வந்தது. மார்த்தா இல்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் இல்லை. போன் போட்டார்.

"மார்த்தா, எங்க இருக்க? நான் மேல வந்துட்டேன்! நெசமாவே!"

"சட்டை நனைஞ்சிருக்கா?"

"ஆத்துல விழுந்த மாதிரி!"

"காய விடுங்க. இன்னைக்காவது உப்புப் பூக்கும். ஒரு வருஷமாத் துவைக்கிறேன், முதுகுல உப்பே பார்த்ததில்ல. நெஞ்சுல பருப்புக் கறைதான்."

வின்சென்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போனுக்குள் யாரோ, "அக்கா, இன்னொரு ரொட்டி?" என்று கேட்பது தெளிவாக விழுந்தது.

"நீ... ரயிலே ஏறலையா?"

"மாமாக் கடையில உங்க நாற்காலி காலியா இருந்துச்சு. நல்ல நாற்காலிங்க."

"மார்த்தா, இங்க வந்து பாரேன். என்னமோ... என்னால சொல்லவே முடியல."

"படம் அனுப்புங்க. இந்தத் தடவையாவது நீங்களே எடுங்க."