கிரேன் எத்தனை டன் தூக்கும்?

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
12.8.2002

மதிப்பிற்குரிய மச்சான் ஆண்டனிராஜ் அவர்களுக்கு, மிக்கேல்ராஜ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். சேவுகம்பட்டியில் நீங்களும் அக்கா மரியசெல்வியும் தென்னைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

நிற்க. என் மகள் ஐரினுக்குப் பேசிய சம்பந்தம் முறிந்துவிட்டது. நிச்சயத்துக்கு வர வேண்டாம். முறித்தது என் மகள்தான். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

லாரி செட் ஆரோக்கியம், மகன் ரோஷனைக் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்தார். "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்றார். வெளியூர் மிருகக்காட்சிசாலையில் பறவைக்குத் தீனி வைக்கிறாள் என்றால் கௌரவமாயிருக்காதே என்று, "கிரேன் பாக்குறா" என்றேன். தலையில் பொன்னிறக் கிரீடம் வைத்த ஆப்பிரிக்கக் கொக்குக்கு இங்கிலீஷில் அதுதான் பேராம். மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "எத்தன டன் தூக்கும்?" "டன்னா? அதுவே மூணரை கிலோதான். ஆனா நல்லா ஆடும்." "ஆடுதா? அப்ப போல்ட்டு லூசாயிருக்கும்." "போல்ட்டெல்லாம் இல்ல சம்பந்தி, சோடியப் பாத்தா ஆடும்." நல்லவேளை, என் வீட்டுக்காரி ஜெயமேரி போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். பார்த்தவர் சொக்கிப்போய், "நம்ம ஒட்டன்சத்திரம் தோட்டத்துக்கு அம்சமா இருக்கும். சீரா ஒரு சோடி கொண்டாரச் சொல்லுங்க, நகையே வேணாம்" என்றார். நகையே வேண்டாமாம்! நான் தலையாட்டப் போனேன், அதற்குள் ஐரின் காபித் தட்டை டொக்கென்று வைத்தாள். "மாமா, இப்படி ஆசப்படுறவங்களுக்காகத்தான் ஆப்பிரிக்காவுல குஞ்சுலயே பிடிச்சு விக்கிறாங்க. அது முட்டையிடுற சதுப்பையும் உழுதுட்டாங்க. வருசா வருசம் கொறஞ்சுக்கிட்டே வருது. காட்டுல இருக்கிறதுல கைவைக்கக் கூடாதுன்னுதான் நாங்க பொரிக்க வச்சு வளக்குறோம். ஒரு இறகு கூடத் தர ஏலாது." ஆரோக்கியம், "கொக்கு மேய்க்கிற புள்ளைக்கு இம்புட்டு வாயா!" என்று காபியைத் தொடாமல் கிளம்பிவிட்டார். மாப்பிள்ளையும் அவர் பின்னாலேயே போனார்.

ஜெயமேரி இன்னும் மூக்கைச் சிந்துகிறாள். ஐரின் மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டாள். எங்கேயோ ஆப்பிரிக்காவில் இருக்கிற பறவைக்காக, நகை கேட்காத சம்பந்தத்தை உதறிய பிள்ளை திண்டுக்கல் ஜில்லாவில் வேறு யாருக்கு இருக்கிறது மச்சான்? எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் சிலுவை போட்டுவிடவும்.

இப்படிக்கு,
மிக்கேல்ராஜ்

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடவும். கவரை ஒட்டுவதற்குள் ஐரினிடமிருந்து போன். ரோஷன் அப்பாவோடு சண்டை போட்டு மிருகக்காட்சிசாலைக்கே போய், "எனக்குச் சீரும் வேணாம், சோடியும் வேணாம், நீ சரின்னு சொன்னாப் போதும்" என்றாராம். சொல்லிவிட்டாள். ஆரோக்கியமும் இறங்கி வந்துவிட்டார். ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசிக்கிறார்கள், அன்றைக்கே நிச்சயம். குடும்பத்தோடு அவசியம் வரவும். பெண்ணும், அவளுக்கு ஒத்தாசையாக அங்கேயே நின்றுவிட்ட மாப்பிள்ளையும் மட்டும் வர மாட்டார்கள்; முட்டை பொரிக்கிற வாரமாம்.