ஓலைத்தொடுவாயில் ஐஸ் மீன்பிடி

வயது ஏற ஏறப் பொய்க்கு மரியாதை கூடுகிறது. இருபது வயதில் நான் சொன்ன பொய்களை எங்கள் வீட்டு நாய்கூட நம்பியதில்லை. அறுபத்தாறு வயதில், நரைத்த தலையோடும் மூக்குக் கண்ணாடியோடும் சொன்ன ஒரு பொய்யைப் பதின்மூன்று பேர் நம்பினார்கள். நம்பி, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மன்னார் வெயிலில் வந்து நின்றார்கள். அந்தப் பொய்யால் கஸ்பார் என்ற மீனவரின் ஒரு நாள் உழைப்பு அழுகிப்போகப் பார்த்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். குற்றம் என்னுடையது என்பதை மட்டும் முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பிறகு, மன்னார் நகரில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தின் கந்தோரில் நிர்வாகியாக இருந்தேன். கனடாவில் இருக்கும் மகனிடம் ஒரு குளிர்காலத்துக்குப் போய், மூன்று மாதம் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தேன். அவ்வளவு தூரம் போனவன் எதையாவது சாதித்துவிட்டு வந்திருக்க வேண்டாமா? தேநீர் நேரத்தில் எடுத்துவிட்டேன்.

"அங்க ஏரியே உறைஞ்சு போய்க் கிடக்கும். அதில ஓட்டை போட்டு, பக்கத்தில கதிரையைப் போட்டு இருந்து, தூண்டில் விட்டுப் பிடிச்சனான். இவ்வளவு பெரிசு!" (கையை எவ்வளவு விரித்தேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.)

எங்கள் வாகனச் சாரதி யூட், ஓலைத்தொடுவாய் என்ற மீனவக் கிராமத்துக்காரன். மீனைப் பற்றி அவனிடம் வாய்விடுவது புத்தியான காரியமல்ல. "ஐஸில இருந்து எடுத்தால் அது ஐஸ் மீன்தானே ஐயா?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்தில் அன்றன்று கரைக்கு வருவது பச்சை மீன். ஐஸில் இரண்டு மூன்று நாள் கிடந்தது ஐஸ் மீன். மானமுள்ள வீட்டில் அதைக் கறிச்சட்டிக்குக் கிட்டவும் எடுக்கமாட்டார்கள்.

"ஐயா பிளேன் ஏறிப் போய் ஐஸ் மீன் பிடிச்சிருக்கிறார். பின்னேரத்தில சந்தைக்குப் போனால் நாய்க்கும் போடுறாங்கள்!" என்றான் யூட். கந்தோர் முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. "பகிடி பண்ணாதேங்கோ. இந்த வருஷச் சுற்றுலாவில நானே செய்து காட்டுறன்" என்றேன். வழக்கமாக அநுராதபுரம் போய், குரங்குகளிடம் வாழைப்பழத்தைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நாங்கள். எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள்.

நான்கு பக்கத்தில் திட்டம் எழுதினேன். ஓலைத்தொடுவாய்க் கரையில் கிடக்கும் பழைய பைபர் படகு ஒன்றில் கடல்நீரை நிரப்புவது. அதில் உயிருள்ள ஓரா மீன்களை விடுவது. மேலே ஐஸ் கட்டிகளை நெருக்கி மிதக்கவிட்டு, அலவாங்கால் ஓட்டை போடுவது. சுற்றிவரக் கதிரைகள். கடைசிப் பக்கத்தில் பாதுகாப்பு விதிகள்: "கம்பளி உடை கட்டாயம். ஐஸின் மேல் ஓடக்கூடாது." (படகின் அகலம் ஐந்தடி. எங்கே ஓடுவது?)

எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் லெச்சுமி அதை இரண்டு தரம் வாசித்தாள். மலையகத்தில் இருந்து வந்து கட்டுக்கரைப் பக்கம் குடியேறிய குடும்பம் அவளுடையது.

"சார், நான் பொறந்தது நுவரெலியா தோட்டத்துல. காலையில புல்லெல்லாம் பனியில வெள்ளையா கெடக்கும். அங்ககூட மீன் புடிக்க யாரும் கம்பளி போட்டுக்கிட்டுப் போனதில்லீங்க."

"உமக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். எனக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை.

ஆவணி மாதத்து ஒரு சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஐஸ் லொறி கரைக்கு வந்தது. வந்த கட்டிகள் முழுவதையும் கேட்டேன். கரையோரக் கொட்டிலான வாடியில் ஐஸ் விற்பவர் தயங்கினார்.

"கஸ்பார் அண்ணை விடிய முதலே கடலுக்குப் போயிட்டார் ஐயா. வந்தால் ஐஸ் வேணும்."

கஸ்பார் யூட்டின் மாமனார். படகின் எஞ்சின் பழுதாகி ஆறு கிழமை, ஒன்றரை மாதம், தொழிலுக்குப் போகாமல் இருந்தவர், அதைத் திருத்தி அன்றுதான் முதல்முதல் இறங்கியிருந்தார். இந்த முறையும் கை கொடுக்காவிட்டால் படகை விற்றுவிட்டு இன்னொருவர் படகில் கூலிக்கு ஏறவேண்டியதுதான் என்று யூட் முதல் நாள்தான் சொல்லியிருந்தான். எல்லாம் எனக்குத் தெரியும்.

"இந்தச் சோழகக் காத்துக்கு என்ன மீன் படப்போகுது?" என்றேன். படித்த மனிதர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் கொடுத்துவிட்டார். யூட் அந்த நேரம் கோயில் மண்டபத்துக்குக் கதிரை எடுக்கப் போயிருந்தான். அவன் நின்றிருந்தால் விட்டிருக்கமாட்டான். திரும்பி வந்தவனிடம், லொறியில் வந்த ஐஸ் முழுவதும் இதுதான் என்று நானும் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்குப் பதின்மூன்று பேரும் படகைச் சுற்றித் தூண்டிலோடு உட்கார்ந்தார்கள். ஒருவர் குரங்குத் தொப்பி. இன்னொருவர் இரண்டு ஸ்வெட்டர். வியர்வை முழங்கை வழியே சொட்டி ஓட்டைக்குள் விழுந்தது. அரை மணித்தியாலம் ஒரு மீனும் கடிக்கவில்லை. லெச்சுமி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சார், மீனுக்கு வெறச்சுப் போச்சுங்க. அடியில படுத்திருக்கு. அதுக்கும் ஒரு கம்பளி குடுத்திருக்கலாம்."

அப்போதுதான் கஸ்பாரின் படகு கரை தட்டியது. படகு நிறையப் பாரை மீன். ஆறு கிழமைக் கடனைக் கடல் ஒரே நாளில் தீர்த்தது போல. அவர் நேரே வாடிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி எங்களிடம் வந்தார். ஸ்வெட்டர் போட்ட கூட்டத்தைப் பார்த்தார். படகைப் பார்த்தார்.

"என்ர ஐஸைச் சுத்தி ஏன் பிள்ளையள் இருக்கிறியள்?"

யூட் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கஸ்பார் என் பக்கம் திரும்பி, கோபம் இல்லாமல், உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்: "கனடாவில இப்பிடித்தான் பிடிக்கிறவையோ ஐயா?"

திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த மரியாதைதான் தாங்கமுடியவில்லை.

"தெரியாது கஸ்பார். நான் பிடிக்கேல்ல. குளிருக்குப் பயந்து காருக்குள்ளேயே இருந்தனான். உங்கட ஐஸ் எண்டு தெரிஞ்சுதான் வாங்கினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மன்னிப்பைப் பிறகு பாப்பம் ஐயா. முதல்ல அலவாங்கை எடுங்கோ" என்றார் கஸ்பார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் சுற்றுலா. கரைந்து பாதியான கட்டிகளைத் தூக்கி, உடைத்து, பெட்டிகளில் மீனும் ஐஸுமாக அடுக்கினோம். பின்னேர லொறி வரும்வரை அந்த ஐஸ் வெயிலில் நிற்காது என்றார் கஸ்பார். லெச்சுமி தன் ஸ்வெட்டரைக் கழற்றி ஒரு பெட்டியை இறுக்கி மூடினாள்.

"கம்பளி கட்டாயம்னு சார்தான எழுதியிருக்காரு!"

பதினைந்து ஸ்வெட்டரும் ஒரு குரங்குத் தொப்பியும் பாரை மீனுக்குப் போயின. லொறிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "மீனுக்குக் காய்ச்சலோ?" என்று கேட்டார். முக்கால் பங்கு பழுதில்லாமல் ஏறியது. ஐஸ் எட்டாத மிச்சத்தைக் கந்தோர் முழுவதும் உட்கார்ந்து வெட்டி, உப்பிட்டுக் கருவாட்டுக்குப் போட்டோம். ஓரா மீன்களை யூட் கடலில் விட்டான். அவை சிறிது நேரம் யோசித்துவிட்டு நீந்தின.

கஸ்பார் படகை விற்கவில்லை. இன்றும் அதில்தான் போகிறார். ஆனால் அவர் விற்கவேண்டி வந்திருந்தால் அதற்குக் காரணம் காற்றோ கடலோ இல்லை, நான்தான். அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

ஊர் தன் பங்குக்குத் தண்டனை கொடுத்துவிட்டது. ஓலைத்தொடுவாயில் ஐஸ் மீனுக்கு இப்போது "ஐயா மீன்" என்று பெயர். எங்கள் படலைக்கு வரும் மீன்காரரிடம் என் மனைவி ரெஜினாவே கூசாமல் கேட்கிறாள்: "பச்சையோ, ஐயாவோ?" வீட்டில் நான் எந்தக் கதையைத் தொடங்கினாலும் அதே கேள்விதான்.

இதையும் எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "எல்லாம் பச்சைதான். ஒரு இடத்தில மட்டும் ஐஸ் மணக்குது" என்றாள்.

ஓம். நான் காருக்குள்ளும் இருக்கவில்லை. மகன் மீன்பிடிக்கப் போன நாள் முழுக்க அவன் வீட்டில் மூன்று போர்வைக்குள் கிடந்தேன். அவன் அனுப்பிய வீடியோவைத்தான் பார்த்தேன். அதில் அவனுக்கும் ஒரு மீனும் படவில்லை.