சிறுத்தை தட்டைப்பயறு விதைத்த வரலாறு

ஒரு காட்டில் ஒரு சிறுத்தைக்கு வயதாகிப் பல் ஆடத் தொடங்கினால், அது உடனே தந்திரத்தில் இறங்கிவிடும் என்று நெடுங்காலமாக நம்பப்பட்டுவருகிறது. நோய் வந்ததுபோல் படுத்துக்கொள்ளும், நலம் விசாரிக்க வரும் முயலை விழுங்கும், துறவியாகிவிட்டதாகச் சொல்லி ஆட்டுக்குட்டியை அருகில் அழைக்கும் என்றெல்லாம் பள்ளிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழையல்ல, பல தலைமுறைக் குழந்தைகள் இதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள் என்பதால் இனித் திருத்தவும் முடியாத பிழை. பல் ஆடும் சிறுத்தை செய்வது ஒன்றே ஒன்றுதான். அது கைப்பேசியில் வீடியோ பார்க்கும்.

மாசிலாமணி என்ற சிறுத்தையும் அதைத்தான் செய்தது. அதன் கோரைப்பல் ஒன்று ஒரு காட்டுப்பன்றியின் இடுப்பில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. பன்றி அதைத் திருப்பித் தரும் எண்ணத்தில் இல்லை. ஓட்டமும் குறைந்துபோயிற்று. மூன்று வாரமாக ஓடைத் தவளைகளே காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு. இப்படியே போனால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்கப் போவதில்லை என்பது மாசிலாமணிக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் ஒரு மைனாவின் வீடியோ கண்ணில் பட்டது. உங்கள் உணவை நீங்களே வளர்க்கலாம், பத்தடிக்குப் பத்தடி இடம் போதும் என்றது மைனா. ஆரம்பத்திலேயே ஆசைப்பட்டு எல்லாவற்றையும் நட்டுவிடாதீர்கள், எதைச் சாப்பிடுவீர்களோ அதை மட்டும் வளருங்கள் என்று கையை ஆட்ட முடியாததால் வாலை ஆட்டி வலியுறுத்தியது.

மாசிலாமணி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. தான் சாப்பிடுவது மான். மானை விதைக்க முடியாது. ஆனால் மான் எதனால் ஆனது? தட்டைப்பயற்றங் கொழுந்தால் ஆனது. ஆகவே தட்டைப்பயறு விதைத்தால் மான் வந்துசேரும். குனிந்து மேயும் மானைப் பிடிக்க ஓட வேண்டியதில்லை. ஒரு தாவல், மிச்சமிருக்கிற பற்கள், போதும். திட்டத்தில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடியது. நேர்மையாகப் பார்த்தால், ஓட்டை இல்லைதான்.

பக்கத்துப் பாறையில் குடியிருந்த உத்தண்டி என்ற கரடி, சிறுத்தை மண் கொத்துவதைப் பார்த்துவிட்டுக் கறையான் தின்பதை நிறுத்தியது. என்ன அண்ணே, யாரையாவது புதைக்கிறீர்களா என்று விசாரித்தது. இல்லை, விதைக்கிறேன் என்ற பதிலைக் கேட்டதும் வெகுநேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. சிறுத்தையின் நகம் கொத்துவதற்கு ஏற்றதல்ல. முதல் நாளிலேயே மூன்று நகம் மழுங்கியது.

எருவுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. காட்டெருமைகளிடம் பணிவாகக் கேட்டு வாங்கலாம் என்று மாசிலாமணி போனது. வாயைத் திறப்பதற்குள் அவை தலைதெறிக்க ஓடிவிட்டன. ஓடுவதற்கு முன், பயத்தில், ஒரு பாத்திக்குத் தேவையானதை அந்த இடத்திலேயே விட்டுச்சென்றன. மாசிலாமணி அதைக் கரைத்து ஊற்றியது. பாதி தன்மேலேயே சிந்திக்கொண்டது. அதன்பிறகு அதன் உடம்பிலிருந்து சிறுத்தை வாடை அறவே போயிற்று. மான்களுக்கு மோப்பம் அதிகம் என்பதால் இதுவும் திட்டத்துக்கு நல்லதாகவே அமைந்தது.

நூறு குழி. குழிக்கு ஒரு விதை. நான்காம் நாள் காலையில் மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு முதல் முளை வெளியே வந்தது. மாசிலாமணி தன் வாழ்நாளில் பலவற்றின் கடைசி நிமிடத்தைப் பார்த்திருக்கிறது. ஒன்றின் முதல் நிமிடத்தைப் பார்த்தது அன்றுதான். குனிந்து பார்த்தது. மூச்சுக்காற்றில் முளை அசைந்ததால் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

தொண்ணூற்று நான்கு முளைத்தன. முளைக்காத ஆறு குழிகளைப் பற்றி உத்தண்டியிடம் அரைநாள் பேசியது. அசுவினிப் பூச்சி வந்தபோது சாம்பல் தூவியது. சாம்பல் அதிகமாகிவிட்டதோ என்று நாக்கால் நக்கிச் சுத்தம் செய்தது. கொடி பிடித்து ஏறக் குச்சி நட்டது. படம் எடுத்து 'காட்டுத் தோட்டம் – ஆரம்பநிலை' என்ற குழுவில் போட்டது; முகம் தெரியாத ஒரு கிளி வாழ்த்துச் சொன்னது. தவளை பிடிக்கப் போகும் நேரம் குறைந்தது. விலா எலும்புகளை இப்போது உத்தண்டி தன் பாறையிலிருந்தே எண்ண முடிந்தது.

முப்பத்தெட்டாம் நாள் காலை மான்கள் வந்தன. பதினொன்று. முன்னால் வந்தது கோமளம் என்ற பெண்மான். உண்ணிப்புதருக்குள் மாசிலாமணி வயிற்றை மண்ணோடு அழுத்திப் படுத்தது. காற்று சாதகம். தூரம் சரியாக ஒரு தாவல். கோமளம் கழுத்தை நீட்டித் தலையைக் குனிந்தது. திட்டம் எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

கோமளம், இரண்டாம் வரிசையில் மூன்றாவது செடியின் கொழுந்தைக் கடித்தது.

"ஏய், அது நாளைக்குப் பூ வைக்கப்போற செடி."

யார் பேசியது என்று மாசிலாமணிக்கே ஒரு கணம் புரியவில்லை. அதற்குள் அது புதரைவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தது. முன்னங்காலில் ஒரு சாக்கு. சாக்கை வீசிக்கொண்டு, சூ, சூ என்று கத்திக்கொண்டு வரப்போரமாக ஓடியது. உறுமினால் ஓட வேண்டும் என்பது மான்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். சாக்கை வீசினால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. நின்றபடியே மென்றன.

"அண்ணே, பிடிக்க வந்தீங்களா, விரட்ட வந்தீங்களா? சொன்னா அதுக்குத் தக்கபடி நடந்துக்குவோம்," என்றது கோமளம்.

"முதல்ல பாத்தியவிட்டு இறங்கும்மா. காலடியில பாரு, எத்தன செடி."

கோமளம் இறங்கியது. மற்றவையும் இறங்கின, வாய்நிறைய எடுத்துக்கொண்டு.

உத்தண்டி ஓடிவந்து, எத்தனை மாட்டியது அண்ணே என்று ஆவலாகக் கேட்டது. நாற்பத்தொரு செடி போச்சு என்றது மாசிலாமணி. செடியைக் கேட்கவில்லை, மானைக் கேட்கிறேன் என்றது கரடி. அந்தத் தறுதலைகளைப் பற்றி என்னிடம் பேசாதே என்றது மாசிலாமணி.

மறுநாள் பயிர்ச்சேத நிவாரண அலுவலகத்தில் வரிசையில் நின்றது. முன்னால் ஒரு முயல். திரும்பிப் பார்த்த முயல், தயவுசெய்து நீங்கள் முதலில் போங்கள் என்று கும்பிட்டது. வரிசை என்றால் வரிசைதான் என்று மாசிலாமணி மறுத்துவிட்டது. முயல் இரண்டு மணி நேரம் நடுங்கிக்கொண்டே நின்றது. இரண்டு மாதப் பசியோடு இருந்த சிறுத்தை அதை ஒருமுறைகூட மோந்து பார்க்கவில்லை. ஒடிந்த கொடிக்கு முட்டுக்கொடுத்தால் பிழைக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

எழுத்தர் தணிகாசலம் ஓர் உடும்பு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்ட உடும்புக்குச் சிறுத்தையும் ஓணானும் ஒன்றுதான். படிவத்தின் தலைப்பைச் சத்தமாகப் படித்தது: வனவிலங்குகளால் பயிர்ச்சேதம் அடைந்தோருக்கானது.

"நீங்களே வனவிலங்குதானேங்க?"

"நான் விவசாயி," என்றது மாசிலாமணி.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு மேலே படித்தது. சேதம் செய்த விலங்குக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் மாசிலாமணி வெகுநேரம் பேனாவைக் கடித்தது. 'உணவு' என்று எழுதியது. பிறகு, உண்மைக்கு மாறாக எதுவும் எழுதக்கூடாது என்பதால், முன்னால் 'முன்னாள்' என்று சேர்த்தது.

நிவாரணம் என்பது ஒரு பொட்டலம் விதை. அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு என்று உடும்பு விளக்கியது. நேரில் வந்து விசாரணை செய்யும்வரை மான்கள் இந்த வழக்கின் சான்றுகள். ஒன்றுக்கும் சேதம் வரக்கூடாது. இடையில் ஒன்றைத் தின்றாலும், நிவாரணத்தை இறைச்சியாகப் பெற்றுக்கொண்டதாகக் கருதி விண்ணப்பம் முடித்துவைக்கப்படும். அதாவது, விதையா மானா, ஒன்றுதான்.

இந்த இடத்தில் தயங்கியிருக்க வேண்டும் என்று வாசகர்கள் நினைக்கலாம். மாசிலாமணி தயங்கவில்லை. கையெழுத்துப் போட்டது.

அடுத்த இருபது நாள் அது மான்களுக்குக் காவல் இருந்தது. செந்நாய்கள் வந்தபோது, தொடாதே, அது என் சான்று என்று உறுமி விரட்டியது. கோமளத்தின் வாக்குமூலமும் தேவைப்பட்டது. வாக்குமூலம் தருவதில் கோமளத்துக்கு மறுப்பில்லை. ஆனால் அன்று தின்றது தட்டைப்பயறுதான் என்று உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு முறை ருசி பார்த்தாக வேண்டும் என்றது. நியாயமாகத்தான் பட்டது. மாசிலாமணி ஒரு வரிசையை ஒதுக்கிக்கொடுத்தது. மற்ற பத்து மான்களும் உண்மையையே பேச விரும்பின.

விசாரணைக்கு உடும்பு வந்தபோது தோட்டத்தில் நின்றவை நான்கே செடிகள். சேதம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது. அந்த நான்கில் பதினொரு காய் காய்த்திருந்தது. மாசிலாமணி ஒன்றைத் தான் தின்றது. கண்ணில் நீர் வந்தது, தொண்டையில் நார் சிக்கியது. நம்ம தோட்டத்துக் காய்க்கு ருசியே தனி என்று சொல்லி, மீதிப் பத்தையும் அக்கம்பக்கத்தில் கொடுத்தது.

விதைப் பொட்டலம் வந்துசேர்ந்த அன்று உத்தண்டி மெதுவாகப் பேச்செடுத்தது.

"கேஸுதான் முடிஞ்சுருச்சே அண்ணே. அந்தா நிக்குது பாருங்க கோமளம், நல்லா கொழுத்துப்போயி. இப்பவாச்சும் ஒரு வாய் சாப்பிடுங்க."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தது. பார்வை கோமளத்தைத் தாண்டி மேற்கே போயிற்று. அங்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"மழைக்கு முந்தி கொத்தி முடிக்கணும்டா. இப்ப ஏது நேரம்," என்றபடி எழுந்து நிற்கப் பார்த்தது. இரண்டாம் முயற்சியில் எழுந்தது.

அந்த ஐப்பசியில் கோமளத்துக்கு இரட்டைக் குட்டி பிறந்தது.

நீதி: அவரவர் உணவை அவரவரே வளர்த்தால் அது நன்றாக வளரும். சாப்பிடுவது வேறு துறையின் கீழ் வருகிறது.