டேக் அக்காவின் மாப்பிள்ளை நோட்

டேக் அக்காவுக்குத் தெரியாமல் புனேவில் ஓர் ஊசிகூடத் தொலைய முடியாது. இது மிகை என்பவர்கள், கோந்த்வாவில் நாங்கள் மூன்று பெண்கள் அவளோடு பகிர்ந்துகொண்ட ஃபிளாட்டில் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரி. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். கண்ணில் பட்டதையெல்லாம் போனில் ஒரு நோட்ஸ் ஆப்பில் எழுதி, தேடினால் சிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் போடுவாள். அதனால்தான் அந்தப் பெயர்.

மழைக்காலத்தில் இட்லி மாவு எப்போது புளிக்கும் என்பதற்கு ஒரு நோட். கேம்ப் பகுதி ஆட்டோக்காரர்களுக்கு ஒரு நோட்: "மீசைக்காரர். மீட்டர் போடுவார், ஆனால் பாடுவார்." எங்கள் பாத்ரூம் கதவு எந்தத் தோளால் இடித்தால் திறக்கும் என்பதற்குப் படத்தோடு ஒரு நோட்.

ஒருநாள் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி, மொட்டைமாடிச் சாவியைக் காணோம் என்று அழாத குறையாக வந்தார். அக்கா போனைத் தட்டிவிட்டு, "உங்கள் ஊறுகாய் டப்பாவுக்குப் பின்னால்" என்று இந்தியில் சொன்னாள். கணபதி பூஜைக்கு அவர் வீட்டில் மோதகம் சாப்பிடப் போனபோது பார்த்து எழுதி வைத்தாளாம். "அரே பாப்ரே!" என்று ஆன்ட்டி கையெடுத்துக் கும்பிட்டார். நாங்களும்தான்.

இப்படிப்பட்டவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பா விமானப்படை; மகன் புனேயின் லோஹேகாவ் விமானத் தளத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். கேம்ப்பில் ஒரு ஹோட்டலில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அக்கா, செருப்பைக் கழற்றுவதற்குள் நோட்டைத் திறந்தாள்.

பேசும்போது முட்டியை ஆட்டுகிறார்.
சாம்பாருக்குச் சர்க்கரை கேட்டார்.
தமிழ் படிக்கத் தெரியாது.
சிரிச்சா நல்லா இருக்காரு.

அவள் வேண்டாமென்று தள்ளியவர்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருந்தார்கள். கடைசி வரி மாதிரி ஒன்று அவர்களில் யாருக்கும் கிடைத்ததில்லை. இவரைத்தான் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள் என்று எங்களுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் கேட்டார் என்று நல்ல ஹோட்டல்கள் பற்றிய நோட்டைத் தேடி அனுப்பினாள். மத்தியானம்தான் பார்த்தாள். போனது மாப்பிள்ளை நோட். இரண்டுக்கும் அவள் போட்டிருந்த டேக், சாம்பார்.

"ஐயோ கண்ணு, என்ற மானமே போச்சு! இனி எங்க இருந்து கல்யாணம்?"

"அவருக்குத்தான் தமிழ் படிக்க வராதே அக்கா!"

"அவங்கம்மாவுக்கு வருமே!"

அனுப்பியதைத் திரும்ப வாங்க நோட்டைத் திறந்தால், இருவரும் எழுதக்கூடிய அந்தப் பக்கத்துக்குள் ஏற்கெனவே அவர் இருந்தார். எங்கள் கண்ணெதிரே எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, அழிந்தன, மறுபடி வந்தன.

முட்டிக்குக் கீழே, "பயம்."

சர்க்கரைக்குக் கீழே, "இனி கேக்க மாடேன்."

தமிழுக்குக் கீழே, "அம்மா கிட்ட குடுக்கல. நானே எழுத்து கூடி படிசேன்."

கடைசி வரிக்கு எதுவும் எழுதவில்லை. ஒரு டிக் மட்டும் போட்டார். அப்புறம் அடியில், "கீழ கேட் கிட்ட நிக்கறேன். வரவா?"

எழுத்துப் பிழை ஒன்றையும் அக்கா திருத்தவில்லை. "இருங்க, நானே வர்றனுங்க" என்று அவருக்குக் கேட்கப்போவது போல போனிடமே சொன்னாள். அதை அடுப்பு மேடையிலேயே போட்டுவிட்டு, காலுக்கொரு ஜோடியிலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். எதையும் மறக்காத எங்கள் அக்கா எல்லாவற்றையும் மறந்து ஓடுவதை வாசலில் நின்று பார்த்தேன்.

மேடையில் போன் அலறியது. "தண்ணீர் குடி" என்று அவள் தனக்கு வைத்திருந்த நினைவூட்டல். ஒரு டம்ளர் தண்ணீரை நான் குடித்துவிட்டு, அவளுக்காக டிக் போட்டேன்.