டீசலண்ணனின் இடது கால்

தஞ்சாவூர் ஜில்லாவில் மோட்டார் சைக்கிள் ஏறியவர்கள் எல்லாரும் வேகமாகப் போவதற்காக ஏறினார்கள். மெதுவாகப் போவதற்காக ஏறிய ஒரே மனிதர் டீசலண்ணன். பின்னால் ஓர் ஆமை வந்திருந்தால் ஹாரன் அடித்திருக்கும்.

ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வரை எந்த வயலில் ஆயில் என்ஜின் இருமினாலும் டீசலைக் கூப்பிடு என்பார்கள். வருவார். என்ஜினின் காதோரம் குனிந்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்வார். அது வெட்கப்பட்டு ஓடத் தொடங்கும்.

நான் அப்போது தாலுகா ஆபீசில் கடைசி நாற்காலி குமாஸ்தா. சுவரெல்லாம் நில உச்சவரம்பு கோஷம், வயலெல்லாம் சிவப்புக் கொடி. காலையில் ஒரு வரப்பில் கொடி ஏறினால் மாலையில் அங்கே ஒரு போலீஸ் வேன் நிற்கும். மெட்ராசில் ஆட்சி மாறியிருந்தது. மண்வெட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

மண்வெட்டி என்று சும்மா சொல்லவில்லை. டீசலண்ணனின் தெரு, பண்ணையில் கூலி வேலை பார்க்கிறவர்களின் தெரு. நான்கு பக்கமும் வயல் சூழ்ந்து தீவு மாதிரிக் கிடக்கும். ரோட்டுக்கு வர ஒரே வழி, பெரிய பண்ணையின் நிலத்துக்கு நடுவே ஓடிய வரப்பு. நாற்றுக்கட்டும் அதன்மேல்தான், பிரசவ வலியும் அதன்மேல்தான், பாடையும் அதன்மேல்தான். ஒவ்வொரு பருவத்திலும் அண்டை வெட்டுகிறேன் என்று பண்ணை ஆட்கள் வரப்பை இரண்டு பக்கமும் சீவிச் சேறு பூசுவார்கள். ஒவ்வொரு சீவலுக்கும் இரண்டு விரற்கடை வழி வயலாகிவிடும்.

“இன்னும் ரெண்டு வருசம் போனா செத்தவன் தானா எந்திரிச்சு நடந்து போவணும் சார்” என்றார் டீசலண்ணன், மனுவை நீட்டிக்கொண்டு.

தாசில்தார் நல்லவர். நல்லவராக இருப்பதற்கு மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தவர். இரண்டு தரப்பையும் அழைத்து, “அது பாதையா, வரப்பா?” என்றார்.

“வரப்புங்க” என்றார் பெரிய பண்ணை. அவருக்கு மட்டும் நாற்காலி. “வண்டி போனாத்தானே பாதை? அதுல ஆடு போறதே அதிசயம்.”

“வண்டி போவும்” என்றார் டீசலண்ணன்.

“எந்த வண்டிடா?”

“என் வண்டி. ரெண்டு சக்கரம் இருந்தா அது வண்டியில்லையா பண்ணக்காரரே?”

ஆபீசே சிரித்தது. பண்ணை சிரிக்கவில்லை. ‘ஐயா’ என்று விளிக்காத வாயை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

“சரி, வரட்டும். ஆனா கால ஊனி ஊனித் தள்ளிக்கிட்டு வந்தா அது வண்டி போறதில்ல, ஆள் போறது. இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் தரையில கால் படக்கூடாது. பட்டுச்சுன்னா மனு தள்ளுபடி. சம்மதமா?” என்றார் பண்ணை.

“எழுதிக்கங்க தம்பி சார்” என்று டீசலண்ணன் என்னைப் பார்த்தார். எழுதினேன். இருபது நாள் கழித்து நேரில் பார்வையிடுவது என்று முடிவாயிற்று. “கால் படுதா இல்லையான்னு நீதான் பாத்துச் சொல்லணும்” என்று தாசில்தார் என் தலையில் கட்டினார்.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன். “அண்ணே, உங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமா?”

“அதான் இருவது நாள் இருக்குல்ல.”

வண்டியும் வண்டியாக இல்லை. எங்கோ ஏலத்தில் எடுத்த எலும்புக்கூடு; ஹெட்லைட் கூட்டுக்குள் சிட்டுக்குருவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. குருவியைக் கலைக்கக் கூடாது என்று ஹெட்லைட்டைக் கழற்றிக் கூரையில் தொங்கவிட்டார். பம்புசெட்டிலிருந்து பாதி, ரைஸ்மில்லிலிருந்து பாதி என்று மூன்றாம் நாள் அது உயிர் பெற்றது. உடனே அவர் செய்த முதல் வேலை, சீட்டைக் கழற்றி எறிந்தது.

அவர் மனைவி அஞ்சலை அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “கட்டுனவள ஒரு நாள் குந்த வச்சுக் கூட்டிட்டுப் போவ ஒரு வண்டி. அதுலயும் குந்துற எடத்தப் புடுங்கிப்புட்டியா?”

“குந்துனா விழுந்துருவேன்டி. நின்னுக்கிட்டே ஓட்டணும்.”

அவருக்கு வாத்தியார் ஒரு கிழிந்த காகிதம். பழைய இரும்புக் கடையில் எதையோ சுற்றி வந்த வெளிநாட்டுப் பத்திரிகைப் பக்கம். பாறைமேல் ஒருவன் மோட்டார் சைக்கிளில் நின்றுகொண்டிருந்தான். கீழே இருந்த இங்கிலீஷை நான்தான் படித்துச் சொன்னேன்: இதற்கென்று அங்கே பந்தயம் உண்டு, வேகம் கணக்கில்லை, கால் ஊன்றினால் மார்க் குறையும்.

டீசலண்ணன் நெற்றியைச் சுருக்கினார். “இது பண்ணைக்கு எப்புடித் தெரிஞ்சுது?”

களத்து மேட்டில் ஒரு தென்னை மரத்தைக் கிடத்தி, தினமும் மாலையில் அதன்மேல் பழகினார். நான் சைக்கிளில் போய், கால் எத்தனை தரம் படுகிறது என்று எண்ணுவேன். முதல் நாள் நாற்பத்தொன்று. அதில் கால் மட்டும் பட்டவை குறைவு; முழு ஆளும் பட்டவையே அதிகம். மரத்திலிருந்து இடது பக்கம் விழுவார், எழுந்து ஏறி மறுபடி இடது பக்கமே விழுவார். நடவு முடிந்து கரையேறிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, “எண்ணே, இந்தப் பக்கமே விழுந்துக்கிட்டு இருக்கியே, அந்தப் பக்கத்து மண்ணு கோவிச்சுக்காதா?” என்பார்கள்.

“சிரிங்க. வேகமா எவன் வேணா போவான். நிக்கிற மாதிரிப் போறதுக்குத்தான் ஆள் வேணும்.”

மெல்ல மெல்லப் புரிந்தது அவருக்கு. சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். முழங்கால் இறுகக் கூடாது. கிளட்ச்சைக் கன்றுக்குட்டியின் காதைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். டயரில் காற்று பாதி போதும். அப்போதுதான் மண்ணைக் கவ்வும். எந்த வாத்தியாரும் சொல்லாமல், விழுந்து விழுந்தே இத்தனையும் எழுதிக்கொண்டார் உடம்பில்.

“விழுறதுதான் சார் மொதப் பாடம். எப்ப விழணும், எங்க விழணும்னு தெரிஞ்சிருக்கணும்” என்பார் முழங்கையில் மண்ணெண்ணெய் தடவிக்கொண்டே.

நாற்பத்தொன்று பத்தொன்பதாயிற்று. பத்தொன்பது ஆறாயிற்று. பதினெட்டாம் நாள் இரண்டு. கடைசி நாளும் இரண்டு. பூஜ்யம் வரவேயில்லை.

பார்வையிடும் நாள் விடிந்தது. போய்ப் பார்த்தால், அன்று விடியலில்தான் வரப்பு இரண்டு பக்கமும் சீவப்பட்டு, ஈரச்சேறு பூசி, வெண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீர் பாய ஒரு வாமடை வேறு புதிதாக வெட்டியிருந்தது.

“பருவத்து வேலைங்க” என்றார் பெரிய பண்ணை, குடைக்குக் கீழே. “உங்களுக்காகப் பருவம் நிக்குமா?”

டீசலண்ணன் தெருக் கடைசிக்குத் திரும்பிப் போய், டயரில் இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கினார். மன்னார்குடிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று அவர் வாங்கிப் போட்டிருந்த ரப்பர் பூட்ஸ் இரண்டுமே இடது கால். உதைத்தார். வண்டி இருமியது. ஏறி நின்றார்.

அந்த வரப்பில் அவர் போன வேகத்தை வேகம் என்று சொல்ல முடியாது. ஒரு கொக்கு தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மீனைத் தேடியது. இரண்டு பக்கமும் வானம் தண்ணீரில் கிடந்தது. நடுவில் ஒரு மனிதர், ஒரு சாண் மண்ணின் மேல், யாருக்கும் வணங்காத முதுகுடன் நின்றுகொண்டு வந்தார். தெருவே அவர் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில், பக்கத்திலேயே நடந்தேன். தாசில்தாரும் பண்ணையும் அந்தக் கடைசியில், ரோட்டோரம்.

வாமடை வந்தது. நிறுத்தினார். கால் ஊன்றாமல் நின்றார். ஹாண்டிலை ஒரு பக்கம் ஒடித்து, மூன்று மூச்சு, நான்கு மூச்சு. பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி அக்கரையில் வைத்தார். பின்சக்கரம் வழுக்கியது. உறுமியது. ஏறியது.

ஏறும்போது இடது கால் பட்டது.

பூட்ஸ் நுனி, பெருவிரல் அளவு மட்டும். ஈரச்சேற்றில் ஒரு குழிவு, ஒரு கோழிமுட்டை அளவு. நான் பார்த்தேன். வேறு யாருக்கும் தெரியக்கூடிய தூரமில்லை.

அடுத்த கணம் அஞ்சலை அக்கா, “வந்துருச்சு, வண்டி வந்துருச்சு!” என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடிவந்தாள். அந்தக் குழிவின் மேல்தான் அவள் முழுப்பாதம் விழுந்தது. அவள் பின்னால் தெரு முழுக்க.

“காலு பட்டுச்சு, பட்டிருக்கணும்!” என்று பண்ணை குடையை மடக்கினார். “அவன் பூட்சக் காட்டச் சொல்லுங்க. சேறு இருக்கும்.”

டீசலண்ணன் அதற்குள் ரோட்டுக்கு ஏறியிருந்தார். அகலமான, காய்ந்த, குழந்தை கூட விழாத ரோடு. அங்கே வண்டியை நிறுத்தினார். கால் ஊன்ற வேண்டியதுதான் பாக்கி. ஊன்றவில்லை. வெட்டிய வாழை மாதிரி அப்படியே இடது பக்கம் சாய்ந்து, வண்டியோடு ரோட்டோர வயலுக்குள் விழுந்து, தலை முதல் பூட்ஸ் வரை சேறாக எழுந்து நின்றார்.

“பழக்கம் விட்டுப்போச்சு சார். கால் எப்புடி ஊனுறதுன்னே மறந்துபோச்சு.”

தாசில்தாரே சிரித்துவிட்டார். சிரித்தபடி என் பக்கம் திரும்பினார். “பட்டுதா?”

“படலை சார்.”

அரசாங்கத்தின் பேனாவால் அதையே எழுதவும் செய்தேன். அந்த வரப்பு அன்று பாதையாயிற்று.

இன்றைக்கு அதன்மேல் மினி பஸ் போகிறது. டீசலண்ணன், அஞ்சலை அக்கா, நான், மூன்று பேரும் அதற்கப்புறம் எத்தனையோ முறை சந்தித்தோம். அந்தப் பெருவிரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. போன மாதம் பார்க்கப் போனேன். டீசலண்ணனுக்கு இப்போது ஊன்றுகோல் வந்துவிட்டது. வாசல் வரை வந்தவர், “தம்பி சார், அன்னிக்கு எத்தன தரம்?” என்றார், திடீரென்று.

“பூஜ்யம்ண்ணே.”

உள்ளேயிருந்து அஞ்சலை அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் இடது காலைப் பார்த்துக்கொண்டார். நானும் அதைத்தான் பார்த்தேன். இந்த ஜில்லாவில் நான் விழுந்து கும்பிட நினைத்த கால் அது ஒன்றுதான்.