குசினியார் வாடகைக்கு விட்ட பங்களா

என் ஆயுளில் பாதி வாடகை வீடுகளில் போனது. அம்பாங்கானில் இருந்திருக்கிறேன், கெமாஸில் ரயில் புகைக்கு நடுவே இருந்திருக்கிறேன். சுவரில் ஆணி அடித்ததற்குப் பஞ்சாயத்து வைத்த வீட்டுக்காரர், மீன் வறுத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் வீட்டுக்காரர் எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் நெகிரி செம்பிலானிலேயே பொல்லாத வீட்டுக்காரர் யார் என்று கேட்டால், குசினியாரைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் அவருக்குச் சொந்தமாக ஒரு கோழிக்கூடுகூடக் கிடையாது.

போர்டிக்சன் ரோட்டில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் வெள்ளைக்காரத் துரைக்குச் சமையல்காரர். ஐம்பது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. துரைசாணியையே குசினிக்குள் விடாதவர் என்று பேச்சு. ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை இரவோடு இரவாக சிங்கப்பூருக்குக் காரை விட்டார். போகும்போது பங்களாச் சாவியைக் குசினியாரிடம் எறிந்துவிட்டு, "பார்த்துக்கொள்" என்றாராம். அந்த ஒரு சொல்தான் குசினியாரின் பட்டா, பத்திரம் எல்லாம்.

ஜப்பான் பட்டாளம் வந்து நாங்கள் குடியிருந்த ரோட்டோரத்து லயங்களைச் சாமான் போட எடுத்துக்கொண்டது. வரிசை வரிசையாகக் குடும்பங்கள் சட்டிபானையோடு வெளியே நின்றோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், கையில் பிள்ளை. மழை கொட்டியது. மேட்டில் பங்களா காலியாக நின்றது. நானும் என் கணவரும் போய்க் கதவைத் தட்டினோம்.

"முன்வாசல்ல வராதே. பின்பக்கம் போ. காலைத் தொடை" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

பின்பக்கம் போனோம். காலைத் துடைத்தோம். குசினியார் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.

"ரூமு சும்மா கெடையாது லா. துரை திரும்பி வந்தா வாடகை எங்கேன்னு கேப்பாரு. மூணு மாசம் முன்பணம்."

"அண்ணே, சோத்துக்கே வழியில்ல" என்றேன்.

"சோத்துக்கு வழியில்லாதவங்களுக்குத்தான் மொதல்ல ரூமு வேணும். எடு."

கல்யாணத்துக்குப் போட்ட தோட்டை விற்றுக் கொடுத்தோம். அந்தப் பணத்தில் அவர் சீனர் கடையில் ஆணியும், ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்திலிருந்து பலகையும் வாங்கி, துரையின் சாப்பாட்டு அறையைக் குறுக்கே தடுத்தார். எங்கள் முன்பணம் அடுத்து வந்தவளுக்குச் சுவரானது. அவள் கொடுத்த முன்பணம் அதற்கடுத்தவளுக்குச் சுவரானது. இப்படியே ஒருவர் பணத்தில் ஒருவருக்குச் சுவர் எழும்பி, பங்களாவுக்குள் ஒரு லயமே உருவாகிவிட்டது. கடைசியாக வந்தவர்கள் புதுமணத் தம்பதி. அவர்களுக்குக் கிடைத்தது துரையின் குளியலறை. அவர்களுக்குப் பின்னால் யாரும் வராததால் கதவு போடப் பணமில்லை. பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, பீங்கான் தொட்டிக்குள் வைக்கோல் போட்டுப் படுத்தார்கள்.

"இந்தத் தொட்டியில துரை மட்டுந்தான் படுத்திருக்காரு. மரியாதையான எடம்" என்று சொல்லி அவர்களிடம் கூடுதல் வாடகை வாங்கினார் பாவி.

வாடகை ஒரு மாதம் இருந்தபடி மறு மாதம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்வராந்தாவில் நின்று நிலவரம் சொல்வார். கடற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் பயந்து தோட்டங்கள் பக்கம் வர ஆரம்பித்தபோது, "ஆளுக்கு அலையுறாங்க, ரூமு ஏறிருச்சி" என்றார். வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு மதிப்பிழந்தபோது, "நோட்டு விழுந்துருச்சி, அதனால ரூமு இன்னும் ஏறிருச்சி" என்றார். எது விழுந்தாலும் அவருடைய வாடகை ஏறத்தான் செய்தது. கடைசியில் நோட்டையே தொடமாட்டேன் என்று, மரவள்ளிக்கிழங்காகக் கேட்டார். அந்தக் கிழங்கை அவித்து, துரையின் பீங்கான் தட்டில் முள்கரண்டியோடு வைத்து எங்கள் பிள்ளைகளுக்கே திருப்பிக் கொடுப்பார். கையால் எடுத்தால் அடிதான்.

அந்த வருஷத்து மழையில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து எங்கும் இல்லை. குசினியார் சிரம்பான் வரைக்கும் நடந்து போய் வெறுங்கையோடு வந்தார். விடிவதற்குள் பிள்ளை போய்விட்டது. பிள்ளையைச் சுற்ற ஆளாளுக்குப் பாய் தேடினார்கள். குசினியார் தன் படுக்கைக்குத் தடுப்பாக இருந்த பலகைகளைப் பிடுங்கி, தன் கையாலேயே ஒரு பெட்டி செய்தார். மூலைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் கணவர் போய்ப் பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த மாதம் கிழங்கு கொண்டுபோனேன். "மார்க்கெட் சரியில்ல, போ" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு ஜப்பான்காரர்கள் சயாம் நாட்டில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் சம்பளம் என்றார்கள். அப்புறம் லாரியோடு வந்தார்கள். ஆண்கள் ஒவ்வொருவராகப் போனதும் அறைகள் காலியாயின. தனியாக நின்ற பெண்கள் இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் சேர்ந்துகொண்டார்கள். குசினியார் வராந்தாவில் நின்று, "ரூமு விழுந்துருச்சி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

ஒருநாள் மத்தியானம் லாரி மேட்டில் ஏறி வந்தது. மிச்சமிருந்த ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். என் கணவரால் ஓட முடியவில்லை. மலேரியாவில் எங்கள் அறைக்குள் கிடந்தார். ஜப்பான் அதிகாரியோடு அவர் பாஷை தெரிந்த ஒரு டவுன்காரத் தமிழரும் இறங்கினார். வீட்டுக்கு ஓர் ஆண் என்பது உத்தரவு. பெண்கள் ஏழு பேர் வராந்தாவில் நின்றோம். எங்களைத் தவிரக் கண்ணில் பட்டவர் துடைப்பத்தோடு நின்ற குசினியார் ஒருவர்தான்.

"இவரு யாரு உனக்கு?" என்று முதலில் நின்றவளைக் கேட்டார் டவுன்காரர்.

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் அவள்.

"உனக்கு?"

"எங்க வீட்டுக்காரரு."

நானும் அதையேதான் சொன்னேன். ஏழு பேரும் சொல்லி முடித்ததும் டவுன்காரர் வாயைப் பிளந்துவிட்டார். அதிகாரியிடம் ஏதோ சொன்னார். அதிகாரி குசினியாரை மேலும் கீழும் பார்த்தார், எங்களை எண்ணினார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயா, ஏழு பொண்டாட்டியா ஒமக்கு?" என்றார் டவுன்காரர்.

பெண் வாடையே ஆகாத குசினியாரின் முகம் கறுத்தது. மறுக்கத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் அறைக்குள் என் கணவர் இருமினார். மெதுவாகத்தான். குசினியார் சட்டென்று துடைப்பத்தைத் தரையில் தட்டி, பெரிதாகத் தானும் இருமினார்.

"ஆமா லா. எல்லாம் நம்ம ஆளுங்கதான். ஒரே குடும்பம்."

"ஒரே குடும்பம்னா ஒரு ஆளுதான். நீர்தான் ஏறணும்" என்றார் டவுன்காரர்.

குசினியார் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். அவர் இதை எதிர்பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே போய் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் அறைகளைத் தேடவில்லை.

லாரியில் ஏறும்போது குசினியார் என்னைத்தான் பார்த்தார். "பின்ரூமு ஒழுவுது, ஓலையை மாத்தச் சொல்லு. வாடகைய ஒருத்தரும் நிறுத்தக் கூடாது. வந்து வாங்கிக்குவேன்."

சிரித்தபடி சொல்ல நினைத்திருப்பார் போல. முகம் ஒத்துழைக்கவில்லை.

சண்டை முடிந்தது. வேறொரு துரை வந்து பங்களாவைக் காலி செய்யச் சொன்னார், லயத்துக்குத் திரும்பினோம். சயாமிலிருந்து ஆட்கள் ரயிலில் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாங்கள் ஏழு பேரும் சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போனோம். இறங்கியவர்களை மனிதர்கள் என்று சொல்லவே மனம் கூசியது. எலும்பும் புண்ணுமாக இருந்தார்கள். ஒவ்வொரு ரயிலாகப் பார்த்தோம். கடைசியில் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனிடம் கேட்டோம்.

"அந்த ஆளு பேரு என்னாக்கா?" என்றான் அவன்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. அத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், ஒருத்தியும் அதைக் கேட்டு வைக்கவில்லை.

"குள்ளமா இருப்பாரு. சமையல்காரரு. எப்பப் பார்த்தாலும் திட்டிக்கிட்டே இருப்பாரு" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அந்த மாதிரி நெறைய பேரு இருந்தாங்கக்கா."

"இல்ல தம்பி" என்றேன். "இவரு மாதிரி ஒருத்தருதான் இருந்தாரு."