கடலூரில் அமுக்கினேன், சிதம்பரம் நின்றது

எதற்கும் தேதி குறித்து வைப்பவன் தப்பு செய்யமாட்டான் என்றொரு நம்பிக்கை உண்டு. அதைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். ஊறுகாய் பாட்டில், பல் பிரஷ், தலையணை உறை என எல்லாவற்றிலும் வாங்கிய தேதியை எழுதிவிடுவேன். (தலையணை மை கன்னத்தில் பதிந்த தேதியும் டயரியில் இருக்கிறது.)

அப்போது கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். சிதம்பரத்தில் அதற்கொரு கிளை. இரண்டு ஊர் பில்லும் ரிப்போர்ட்டும் எங்கள் அறையிலிருந்த ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில்தான். சர்வர்களுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச்; விளக்கு ஸ்விட்ச் இல்லை, டேட்டாவுக்கு வழிவிடும் பெட்டி. எந்த சர்வர் எந்த டிஸ்க்கைப் பார்க்கலாம் என்று அதில் 'ஜோன்' போட வேண்டும். வார்டு வாசலில் வாட்ச்மேன் வைத்திருக்கும் பட்டியல் மாதிரி: பேர் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

ஒரு புதன்கிழமை காலை, புது ஸ்கேன் சர்வருக்கு ஜோன் போடும் வேலை முதன்முறையாக என் கைக்கு வந்தது. அதே காலையில், எனக்குப் பேசிக்கொண்டிருந்த பெண்ணைப் பெற்ற அத்தாவும் வந்தார். காட்டுமன்னார்கோயிலில் ரைஸ்மில் வைத்திருப்பவர். சுகர் டெஸ்ட் என்பது சாக்கு. பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று உளவு பார்க்கவே, வெறும் வயிற்றோடு நேராக என் அறைக்கு வந்துவிட்டார்.

"ஏசில உக்காந்துகிட்டு அப்படி என்னதான் பண்றீங்க தம்பி? எங்க மில்லுல மெஷினு ஓடுனா தெருவுக்கே கேக்கும். இங்க ஒரு சத்தத்தையும் காணுமே?"

விடுவேனா! "இப்ப பாருங்க மாமா!" (நிச்சயமே ஆகவில்லை. நானாகவே மாமா ஆக்கிவிட்டேன்.)

ஏற்கெனவே ஓடும் பட்டியலில் புது ஜோனைச் சேர்த்திருந்தால் வேலை முடிந்தது. ஆனால் எழுதிய பக்கத்தில் இடுக்கில் நுழைத்து எழுதுவது எனக்கு ஆகாது. டயரியில் புதுப் பக்கம் திருப்புவதுபோல், அன்றைய தேதியையே பெயராக வைத்து ஒரு புதுப் பட்டியல் தொடங்கினேன். அதில் புது ஜோனை மட்டும் போட்டேன். இன்றைய பக்கத்தை எழுதினால் நேற்றையது அழியுமா என்ன? ஸ்விட்ச் டயரி இல்லையே! அதில் ஒரு நேரத்தில் ஒரு பட்டியல்தான் நடப்பில் இருக்கும். பழையது போய்விடும், சம்மதமா என்று அது கேட்கவும் செய்தது. படிக்காமலே, மாமா காதில் விழும்படி ஓங்கி ஒரு தட்டு: சம்மதம்!

"முடிஞ்சிடுச்சா? இப்பவும் சத்தம் வரலியே?"

வந்தது. பில் கவுன்டரிலிருந்து போன். லேபிலிருந்து போன். மருந்துக்கடையிலிருந்து போன். கடைசியில், சிதம்பரத்துக் கிளையில் இதே வேலை பார்க்கும் செந்தில்.

"டேய் மச்சான், என்னடா பண்ண? இங்க ஒரு ஸ்கிரீனும் வரல. ஜனங்க கத்துறாங்கடா!"

"ஜோன் போட்டேன் மச்சான்."

"பழசுல சேத்தியா, புதுசா போட்டியா?"

"புதுசாதான். தேதியோட."

"யோவ், ஒருத்தன உள்ள விட்டுட்டு மீதி அத்தன பேரையும் வெளிய தள்ளிட்டியேயா! பழசையே திரும்பப் போடு, ஓடு!"

போட்டேன். அவசரத்தில் பாஸ்வேர்டே தப்பாக விழுந்தது. பட்டியல் திரும்பினாலும், மயங்கிக் கிடந்த சர்வர்களை ஒவ்வொன்றாக எழுப்ப மதியமாகிவிட்டது. கடைசியாக எழுந்தது லேப். அதன் வாசலில், ரத்தம் கொடுக்கும்வரை டீகூடக் குடிக்கக் கூடாதவராக மாமா உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் ஓடும்போதெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யா அல்லாஹ், கல்யாணம் இத்தோடு சரி என்று முடிவுகட்டினேன்.

கேன்டீனில் இட்லி தின்றுவிட்டு வந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். நீங்க இங்கன அமுக்குனதுக்கு சிதம்பரத்துலயும் நின்னுடுச்சாமே?"

"ஆமா மாமா."

"ரெண்டு ஊரும்?"

"ரெண்டும்தான்."

"நான் மெயின ஆஃப் பண்ணா எம் மில்லு மட்டும்தான் நிக்கும்" என்றவர், அங்கேயே வீட்டுக்குப் போன் போட்டார். "மாப்ள லேசுப்பட்ட ஆளு இல்ல. ரொம்பப் பெரிய வேல. முடிச்சிடலாம்!"

முடித்துவிட்டார்கள். இன்றும் காட்டுமன்னார்கோயிலில் கரண்ட் போனால் மாமனார் வீட்டில் ஈ.பி. ஆபீசுக்கு யாரும் போன் செய்வதில்லை. கடலூரிலிருக்கும் எனக்குத்தான் மணி அடிக்கும்.

"மாப்ள, இப்ப என்னத்த அமுக்குனீங்க?"